வினை எங்கே நிற்கிறது?

வேங்கிக்கால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர். அடுத்தாற்போல் திருவண்ணாமலை. கிரிவலத்துக்கும் ரமணாசிரமத்துக்கும் பல நாட்டவர் வருகிறார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களும் உள்ளூர் ஆட்டோக்காரரும் பேசிக்கொள்வது இருவருக்கும் இரவலான ஆங்கிலத்தில். இருவருமே தடுக்கி விழுகிறார்கள், வேறு வேறு இடங்களில்.

நமக்கு வினை கடைசியில் வரும்: நான் காபி குடிக்கிறேன். ஆங்கிலத்தில் அது நடுவில்: ஐ டிரிங்க் காபி. ஸ்பானிஷிலும் நடுவில்தான்: யோ பெபோ கஃபே. ஆகவே அவர்களுக்கு இதில் சிரமமில்லை. ஆனால் 'பெபோ' என்றாலே 'குடிக்கிறேன்' என்றாகிவிடுவதால் 'யோ'வை விட்டுவிடுவார்கள், நாம் 'நான்' என்பதை விடுவதுபோல. ஆங்கிலம் விடாது. மழைக்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஓர் எழுவாய் வேண்டும். அந்த 'இட்' எதைக் குறிக்கிறது? எதையும் இல்லை! ஸ்பானிஷ்காரர் அதை விழுங்கிவிட்டு 'இஸ் ரெய்னிங்' என்பார்.

சொல் வரிசையிலும் ஆங்கிலம் கண்டிப்பானது. அதற்குக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன, பெரும்பாலும் தேய்ந்துபோயின. 'நாய் மனிதனைக் கடித்தது' என்பதை நாம் எப்படிப் புரட்டினாலும் 'ஐ' உருபு காப்பாற்றும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை இடம் மாற்றினால் 'மனிதன் நாயைக் கடித்தான்' என்று பத்திரிகைக்காரர்கள் ஏங்கும் செய்தி கிடைத்துவிடும்.

பிடித்தது, பிடிக்காதது என்று வந்தால் நாமும் அவர்களும் ஒரே கட்சி. எனக்குக் காபி பிடிக்கும். மே குஸ்தா எல் கஃபே. இரண்டிலும் குடிப்பவர் நான்காம் வேற்றுமையில். 'ஐ லைக் காபி' என்று தன்னை முன்னே நிறுத்துவது ஆங்கிலம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடுகள் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அது போதாது என்பது என் கட்சி; வினையின் இடத்தோடு மற்றவையும் மாறும். 1963-இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டபோது, வினை கடைசியில் வரும் மொழிகளில் பெரும்பாலும் 'மேல்', 'கீழ்' போன்றவை பெயருக்குப் பின்னால் வருவதைக் கண்டார். 'மேசை மேல்' என்கிறோம்; ஆங்கிலம் 'ஆன் தி டேபிள்' என்கிறது. பெயரெச்சம் இதைவிடப் பெரிய தலைவலி. 'பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன்' என்பது 'தி பாய் ஸ்டாண்டிங் அட் தி பஸ் ஸ்டாப்' என்று அடியோடு கவிழ்கிறது. ஸ்பானிஷ்காரருக்கு இந்தக் கவிழ்ப்பு வேண்டியதில்லை. அவர் மொழியிலும் பையன்தான் முதலில். அவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய வெளிநாட்டுப் பாடநூல் இதில் அதிக நேரம் நிற்காது. நம் ஆசிரியர்தான் பையனை முன்னே இழுத்துவரும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கவேண்டும்.