களிசானின் நீளம்: கொழும்புச் சிறுவர் உடை பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

உடை பற்றிய ஆய்வுகள் நம்மிடையே மிகக் குறைவு. உள்ளவையும் பெரும்பாலும் மகளிர் உடை, சடங்கு உடை, அரசவை உடை என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் காற்சட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் கொழும்பு போன்ற ஒரு குடியேற்றவாதத் துறைமுக நகரில், சிறுவர் அணிந்த களிசானின் நீளமும் துணியும் அதனை அணியத் தொடங்கிய வயதும், வர்க்க உறவுகளையும் பிற்காலத்தில் இன உறவுகளையும் விளக்கும் சான்றுகளாக அமைகின்றன. உடைமாற்றத்தை 'மேனாட்டு மோகம்' என்ற ஒரே தொடரால் விளக்கிவிடும் வழக்கம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் சொல்வழிச் சான்றை நோக்குவோம். காலில் இறுகப் பொருந்தும் உடையைக் குறிக்கச் சல்லடம் என்ற பழைய சொல் தமிழில் உண்டு. எனினும் ஈழத்துப் பேச்சு வழக்கில் நிலைத்த சொல் களிசான் ஆகும். இது போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. சப்பாத்து, மேசு, லேஞ்சி என்பனவும் அவ்வாறே வந்தவை. சிங்களத்தில் கலிசம, கமிசய, சபத்து என வழங்குபவையும் இவற்றின் உடன்பிறப்புக்களே. கொழும்பு 1656இல் ஒல்லாந்தர் வசமாகும் வரை போர்த்துக்கேயரின் கோட்டையாக விளங்கியது. எனவே ஆங்கிலக் கல்வி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, துறைமுகத்தையும் திருச்சபையையும் சார்ந்த வாழ்க்கையின் ஊடாக இவ்வுடைகளும் அவற்றின் பெயர்களும் கரையோர மக்களிடம் வந்துசேர்ந்துவிட்டன. களிசானை ஆங்கிலேயரின் கொடையாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இனி, களிசானின் நீளம் எவ்வாறு வயதின் குறியாயிற்று என்பதை அறிய மேலைத்தேய வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண் குழந்தைகள் நெடுங்காலம் பெண் குழந்தைகளைப் போலவே பாவாடை அணிந்தனர். ஐந்தாறு வயதளவில் களிசான் அணிவிக்கப்படுவது குடும்பத்தில் ஒரு சடங்காகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கனவான்கள் முழங்காலளவு களிசானை அணிந்திருக்க, அவர்தம் புதல்வர்கள் மேற்சட்டையோடு பொத்தானால் பிணைத்த நீளக் களிசானை அணிந்தனர். நீளக் களிசான் அக்காலத்தில் உழைப்போரின் உடை. பிரெஞ்சுப் புரட்சியில் அது பாமர மக்களின் அரசியற் சின்னமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. நீளக் களிசான் வளர்ந்த ஆண்களுக்கு உரியதாக, கட்டைக் களிசான் சிறுவர்க்கு உரியதாயிற்று. விக்டோரியா இராணியின் மூத்த மகன் 1846இல் மாலுமி உடையில் தீட்டப்பட்ட ஓவியமும், 1886இல் நூலாக வெளிவந்த 'சின்னப் பிரபு பொன்டில்ரோய்' கதையும் சிறுவர் உடைக்குப் புதிய மாதிரிகளைத் தந்தன. வெல்வெற்றுக் கோட்டும் பின்னல் வேலைப்பாடுடைய கழுத்துப்பட்டியும் அமெரிக்க மத்தியதர வர்க்கத் தாய்மாரைக் கவர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் அமெரிக்கச் சிறுவர் முழங்காலின் கீழ் இறுக்கிய களிசானை அணிந்தனர். நீளக் களிசான் கிட்டும் நாளே அவர்கள் இளைஞராகும் நாளாகக் கருதப்பட்டது. ஆனால் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் உழைத்த சிறுவனுக்கு இத்தகைய படிமுறை இருக்கவில்லை. தந்தையின் பழைய களிசானை வெட்டித் தைத்ததே அவன் உடை. கட்டைக் களிசான் வயதை மட்டும் குறிக்கவில்லை. உழைக்க வேண்டிய தேவையற்ற குழந்தைப்பருவத்தையும் அது குறித்தது.

இக்குறியீடு கொழும்புக்கு ஆங்கிலப் பாடசாலைகள் வழியாக வந்தது. 1835இல் தோன்றிப் பின்னர் ரோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமி, 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கிய புனித தோமையார் கல்லூரி, 1865இல் கொட்டாஞ்சேனையில் நிறுவப்பட்ட புனித பெனடிக்ற் கல்லூரி ஆகியன ஆங்கிலம் கற்ற ஒரு வர்க்கத்தை உருவாக்கின. கோட்டும் களிசானும் அவ்வர்க்கத்தின் நுழைவுச் சீட்டாயின. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் 'இரவல் இறகுகள்' என்ற பொருளுடைய தலைப்பில் எழுதி இப்போக்கைச் சாடினார். 1927இல் இலங்கை வந்த காந்தியடிகளின் கதர்ப் பிரசாரமும் இளைஞரிடையே தாக்கம் விளைத்தது. வேட்டியின் மேல் கோட்டும் சால்வையும் அணிந்த தமிழாசிரியரின் கோலம் இம்முரண்பாட்டின் சமரசமே எனலாம். மறுபுறம் 1912இல் இலங்கையில் தொடங்கிய சாரணர் இயக்கம் கட்டைக் களிசானைக் கட்டுப்பாட்டின் உடையாக்கிற்று.

இவ்விவாதங்களில் இடம்பெறாதோர் துணியை உற்பத்தி செய்தவர்கள். வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,400 தொழிலாளர் பங்குகொண்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவளியினர், பெரும்பாலும் மலையாளிகள், எஞ்சியோர் சிங்களவர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தலைமை தாங்கிய அப்போராட்டம், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு முன்னோடியாயிற்று. எந்த உடை தேசியமானது என்று மேல்வர்க்கம் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், துணியை நெய்தோர் இனம் கடந்து ஒன்றுபட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவுகளைத் திறந்தது. உடையோ பெற்றோரின் சுமையாகவே இருந்தது. 1993இல் மாணவர் யாவர்க்கும் சீருடைத் துணி இலவசமாக வழங்கப்படத் தொடங்கிற்று. பொதுவாகக் கீழ் வகுப்புக்களில் நீலக் கட்டைக் களிசானும், பத்தாம் வகுப்பளவில் வெள்ளை நீளக் களிசானும் அணியப்படுகின்றன. அமெரிக்கா எப்பொழுதோ கைவிட்ட வயதுப்படி இங்கு அரசின் சீருடையில் வாழ்கிறது. சீருடை சமத்துவத்தின் சின்னமென்பது உண்மையே. ஆனால் அந்தச் சமத்துவம் துணியோடு நின்றுவிடுகிறது. விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுதோறும் அவிழ்த்து இறக்கப்படும் களிசானும், அண்ணனிடமிருந்து தம்பிக்கு வரும் களிசானும், ஆண்டுதோறும் புதிதாகத் தைக்கப்படும் களிசானும் ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்கின்றன.

கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை இவ்வுடைக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. 1958 கலவரத்தின்போதும் 1983 யூலையிலும் வேட்டி, பொட்டு, காதிற் கடுக்கன் துளை ஆகியன தமிழரை இனங்காணும் அடையாளங்களாயின. களிசான் அணிந்தவன் கூட்டத்தில் ஒருவனாக மறைய முடிந்தது. தந்தையர் வேட்டியை வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியதாக ஒதுக்கி, புதல்வரைக் களிசானோடு காலி வீதிக்கு அனுப்பியதை மேனாட்டு மோகம் என்று கூறுவது கொடுமையாகும். ஆனால் உடை தந்த பாதுகாப்பு அற்பமானது. 2007 யூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. களிசான் மறைத்த அடையாளத்தை அடையாள அட்டை காட்டிக்கொடுத்தது.

இறுதியாக ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையும் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயமும் இலங்கையை ஆடை ஏற்றுமதி நாடாக்கின. அவ்வாடைகளுக்கு ஐக்கிய அமெரிக்கா மிகப்பெரிய சந்தையாயிற்று. ஒருகாலத்தில் அமெரிக்கத் தாய்மாருக்குக் கதை நூல்கள் கற்பித்த சிறுவர் உடையின் வரலாறு, இன்று நமது கிராமத்துப் பெண்களின் தையல் இயந்திரங்களில் தொடர்கிறது. அதே நாட்டில், 2025ஆம் ஆண்டுக்கான பாடசாலைச் சீருடைத் துணி முழுவதும் சீனாவின் நன்கொடையாகவே கிடைத்தது. பிறர் பிள்ளைகளுக்குக் களிசான் தைக்கும் நாடு தன் பிள்ளைகளின் களிசானுக்குத் துணியை நன்கொடையாகப் பெறுகிறது.

ஆகவே சிறுவர் உடையின் வரலாறு, அதனை அணிந்தவரோடு முடிவதன்று. நெய்தவரையும் தைத்தவரையும், அதனுள் தன்னை மறைத்துக்கொள்ள நேர்ந்தவரையும் அது உள்ளடக்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளின் பழைய வகுப்புப் படங்களும், வெள்ளவத்தைத் தையற்காரரின் அளவுக் கொப்பிகளும், மூத்தோரின் நினைவுகளும் இதற்கான மூலாதாரங்கள். அவை அழியுமுன் தொகுக்கப்படுதல் நமது உடனடிக் கடமையாகும்.