உங்களுக்குத் தெரியுமா? நடுவே சேர்த்த 40 மீட்டர்!

பாலிஸ்டிக் ஏவுகணை தாங்கிய உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி, அமெரிக்காவின் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’. அவசரம் கருதி, ‘ஸ்கார்பியன்’ என்ற வேறொரு நீர்மூழ்கிக்காகக் கட்டத் தொடங்கியிருந்த உடலையே எடுத்து, நடுவே சுமார் 40 மீட்டர் நீளப் பகுதியைச் சேர்த்தார்கள். அதில் 16 ஏவுகுழாய்கள் இரண்டு வரிசையாக, செங்குத்தாக நின்றன.

ஏவுவதுதான் பெரிய சவால். ராக்கெட்டைக் குழாய்க்குள்ளேயே பற்றவைத்தால் கப்பலுக்கே ஆபத்து. அதனால் அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஏவுகணையை வெளியே தள்ளினார்கள். நீர்ப்பரப்பைத் தாண்டிய பிறகே அதன் மோட்டார் பற்றியது. அபாரமான பொறியியல் இது! 1960 ஜூலை 20 அன்று, புளோரிடாவின் கேப் கனாவரல் அருகே, மூழ்கிய நிலையிலிருந்தே ‘போலாரிஸ்’ ஏவுகணைகள் இரண்டு அடுத்தடுத்துப் பாய்ந்தன. அந்த நீர்மூழ்கியின் மேற்கோபுரத்தைக் கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.