சரளமாகப் படிக்கிறாள், புரிகிறதா?

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி நாளிதழை உரக்கப் படித்தால் வீட்டில் அனைவருக்கும் பெருமை. ஆடி மாதத்தில் ஒருநாள், மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியதையும், உபரிநீர் திறக்கப்படுவதால் காவிரிக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு எச்சரிக்கப்பட்டதையும் தடுமாறாமல் படித்து முடித்தாள். "அவர்களை ஏன் போகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். விரலை வைத்து அதே வரியைத் தேடி மீண்டும் படித்தாள். "சரிம்மா, ஏன்?" என்றேன். மறுபடியும் அதே வரி.

முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். இப்படிப் படித்த எத்தனை பிள்ளைகளுக்கு 'நன்று' என்று எழுதியிருப்பேன் என்று அன்றைக்குக் கூச்சமாக இருந்தது.

தமிழில் இந்தக் குறை எளிதில் ஒளிந்துகொள்ளும். எழுத்துகளை அறிந்த குழந்தை, பொருள் அறியாத சொல்லையும் ஏறத்தாழச் சரியாகவே ஒலித்துவிடும். ஆங்கிலத்தில் புதுச் சொல் வந்தால் பெரும்பாலும் உச்சரிப்பே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு வேறு. உபரிநீர் என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு உதவி கிடைக்கிறது. சரளமாகப் படிக்கும் பிள்ளை, வாய்பாடு தெரிந்தும் வாக்கியக் கணக்கில் தவறும்போது, 'கவனக் குறைவு' என்ற வசவைத்தான் பெறுகிறது.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கலாக விளக்கினர். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை, மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்க வேண்டும். கூட்டல் அல்ல, ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். அமெரிக்க மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது. நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் அறியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியும் ஆட்டம் அறிந்தவர்களே அதை நன்கு நினைவில் வைத்துச் சொன்னார்கள். நம் வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் செய்தியைப் படிக்கும்போது இதைக் காணலாம்.

ஆகவே, என் பேத்திக்கு மேலும் உரக்கப் படிக்கும் பயிற்சி தேவைப்படவில்லை, பேச்சுதான் தேவைப்பட்டது. நிரம்பிய குடத்தைக் குழாயடியில் வைத்தேன். "வழியுதே தாத்தா!" என்றாள். வழிவதுதான் உபரி, குடம் அணை, கீழே நனைந்த என் வேட்டி கரையோர ஊர். பிறகு செய்தியை அவளே தம்பிக்குத் தன் சொற்களில் சொன்னாள்.

'எத்தனை அடி?' போன்ற கேள்விகளைக் கைவிட்டேன். விடையை வரியிலிருந்தே உருவிவிடலாம். 'ஏன்', 'அடுத்து என்ன ஆகும்' என்று ஓரிரண்டு மட்டும், தேர்வுபோல் தோன்றாமல் கேட்கிறேன். தானாகப் படிக்கத் தெரிந்துவிட்டாலும், அவளுக்கு எட்டாத கதைகளை இரவில் நான் படித்துக் காட்டுகிறேன். எழுத்துத் தமிழ் செவிவழியும் நுழைய வேண்டுமல்லவா!

முன்னைவிட மெதுவாகப் படிக்கிறாள் என்று மருமகளுக்குக் குறை. உண்மைதான். சென்ற வாரம் ஒரு செய்தியின் நடுவே தானாகவே நிறுத்தினாள்.

"தாத்தா, கச்சா எண்ணெயில் தோசை சுடலாமா?"