பனிச்சறுக்கு ஊர்திகளில் காற்று, மலையமைப்பு ஆகியவற்றின் தாக்கம்

பனிச்சறுக்கு ஊர்தி என்பது பனிச்சறுக்கு ஆடுவோரை மலைச்சரிவின் மேற்பகுதிக்கு ஏற்றிச் செல்லும் அமைப்பு ஆகும். பலவற்றில், தூண்களின் மேலுள்ள கப்பிகளில் ஓடும் எஃகு வடத்தில் நாற்காலிகளோ மூடிய கூண்டுகளோ தொங்கவிடப்பட்டிருக்கும். இவற்றை இயக்குவதா, நிறுத்துவதா என்பது காற்றின் வேகத்தை மட்டுமன்றி, அது வீசும் திசையையும் மலையின் அமைப்பையும் பொறுத்தது.

காற்றின் திசை

வடத்தின் நீளவாக்கில் வீசும் காற்றைவிடக் குறுக்காக வீசும் காற்றே ஆபத்து மிக்கது. குறுக்குக் காற்றில் நாற்காலிகள் பக்கவாட்டில் ஆடித் தூண்களில் மோதக்கூடும். வடம் கப்பியிலிருந்து விலகவும் கூடும். எனவே ஒரே மலையில் ஓர் ஊர்தி இயங்கும்போது, வேறு திசையில் அமைந்த மற்றொன்று நிறுத்தப்படலாம். ஆளில்லாத நாற்காலி எடை குறைந்தது என்பதால் அதிகம் ஆடும். தூண்களில் பொருத்தப்பட்ட காற்றுவேகமானிகளைக் கவனித்து, இயக்குநர்கள் முதலில் ஊர்தியின் வேகத்தைக் குறைப்பர். காற்று மேலும் வலுத்தால், ஏறியிருப்பவர்களைப் பாதுகாப்பாக இறக்கிவிட்டு ஊர்தியை நிறுத்துவர்.

மலையின் அமைப்பு

முகட்டைக் கடக்கும் காற்று நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. ஆதலால் அடிவாரம் அமைதியாக இருக்கும்போதே மேல்நிலையத்தில் கடுங்காற்று வீசக்கூடும். ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் பல மலைகளில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. அது மேற்குச் சரிவின் பனியை அள்ளிச் சென்று கிழக்குச் சரிவில் குவிக்கிறது. இவ்வாறு குவியும் பனியால் பனிச்சரிவு அபாயம் கூடுவதால், காற்று ஓய்ந்த பின்னும் ஊர்தியைத் திறக்கத் தாமதமாகலாம்.

கெய்ர்ன்கார்ம் மலை

இசுக்கொட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு ஏறத்தாழ 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. இம்மலையில் 1961 இல் தொடங்கிய நாற்காலி ஊர்தி, பலத்த காற்றால் அடிக்கடி நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக, தண்டவாளத்தில் செல்லும் இழுவை இரயில் 2001 இல் திறக்கப்பட்டது. அதன் மேற்பகுதி சுரங்கத்தினுள் செல்கிறது.

பாதுகாப்பு வழிகள்

இடைவெளி விட்டு அமைந்த இரு வடங்களுக்கு இடையே கூண்டைப் பிணைத்தால் அது அதிகம் ஆடாது. பிரான்சின் வால் தோரன்சில் 1990 இல் இம்முறை அமைந்தது. காட்டினூடே வழியமைத்தால் மரங்கள் காற்றைத் தடுக்கும். ஆனால் வடத்தின் மேல் சாயக்கூடிய மரங்களை அகற்றுவது இன்றியமையாதது. காசுமீரின் குல்மார்க்கில் 2017 சூன் 25 அன்று பலத்த காற்றில் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கம்பிவடத்தின் மேல் விழுந்ததில், கூண்டு கீழே விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர்.