நாயின் பேறுகாலம்: காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு

நாய் தானே குட்டி போட்டுக்கொள்ளும், அதற்கு மருத்துவம் எதற்கு என்று கேட்பது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் அக்கூற்று உண்மையே. தாராவியின் சந்துகளிலும் செம்பூரின் மதிலோரங்களிலும் எத்தனையோ நாய்கள் எவர் துணையுமின்றி ஈன்று, குட்டிகளை நக்கித் துடைத்துப் பாலூட்டி வளர்க்கின்றன. ஆயினும் சிற்சில வேளைகளில் இயற்கை இடறுகிறது. அவ்வேளையை நாம் அறிந்துகொள்ளாவிடில் தாயும் குட்டிகளும் மடிய நேரிடும்.

சென்ற மழைக்காலத்தில், மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டை நாய் நள்ளிரவு முதல் முக்கிக்கொண்டிருந்தது. விடிந்தால் ஈன்றுவிடும் என்றார் ஒருவர். ஓர் ஊசி போட்டால் போதும் என்றார் மற்றொருவர். விடிந்தபின் டாக்சியில் வைத்துப் பரேலுக்குக் கொண்டு சென்றோம். முதற்குட்டி குறுக்கே கிடந்து வழியை அடைத்திருந்தது. அறுவை செய்து தாயையும் மூன்று குட்டிகளையும் காப்பாற்றினர்; குறுக்கே கிடந்த குட்டி முன்பே இறந்திருந்தது. அன்றிரவு நாங்கள் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். இறுதி வாரத்தில் நாள்தோறும் இருமுறை உடல் வெப்பத்தை அளந்து பார்த்தல் நலம். வழக்கமாக 100 பாரன்ஹீட் பாகைக்கு மேலிருக்கும் வெப்பம் 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் பேறு தொடங்கும். முதலில் நாய் இருப்புக் கொள்ளாது மூச்சிரைக்கும், மூலையைப் பிறாண்டும். இந்நிலை 6 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை.

பலமாக முக்கத் தொடங்கியபின் 30 நிமிடங்களில் குட்டி வெளிவராவிடில் மருத்துவரை நாட வேண்டும். உள்ளே குட்டியிருந்தும் 2 மணி நேரத்திற்கு மேல் இடைவெளி நேர்ந்தாலும் அவ்வாறே. முதற்குட்டி பிறக்குமுன் கரும்பச்சை நீர் கசிந்தால், நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது என்பது பொருள். அப்போது சிறிதும் தாமதிக்கலாகாது. பின்னங்கால் முன்னே வருவது மட்டும் குறையன்று. நாய்களில் அது மிகச் சாதாரணம்.

பேறு தடைப்படுதற்குக் காரணங்கள் இருவகை. கருப்பை சோர்ந்து சுருங்க மறுப்பது ஒன்று. குட்டி பெருத்தோ, கோணலாகக் கிடந்தோ, தாயின் இடுப்பெலும்பு குறுகியோ வழி அடைபடுவது மற்றொன்று. மருத்துவர் கையால் சோதித்தும், எக்ஸ்ரே எடுத்தும், ஸ்கேன் வழியே குட்டிகளின் இதயத்துடிப்பை எண்ணியும் எது காரணமென்று தெளிகிறார். துடிப்பு நிமிடத்திற்கு 200-க்கு மேலிருப்பின் நன்று. 180-க்குக் கீழிறங்கின் ஆபத்து. 150-க்கும் குறையின் உடனே அறுவை. வழி திறந்திருந்து கருப்பை மட்டும் சோர்ந்திருந்தால், கால்சியமும் சிறிதளவு ஆக்சிடோசினும் பயன்தரும். வழி அடைத்திருக்கையில் அதே ஆக்சிடோசின் ஊசி கருப்பையைக் கிழித்துவிடக் கூடும். ஆதலால் வீட்டில் ஊசி போடுதலும், குட்டியை வலிந்து இழுத்தலும் கூடா.

பரேலில் 1886-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் இருக்கின்றன. இரவில் எங்கே மருத்துவர் கிடைப்பார் என்பதைப் பேறுகாலத்திற்கு முன்பே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சார ரயில் ஓடாத பின்னிரவில்தான் பல நேரங்களில் அத்தேவை எழுகிறது. வாயில்லா ஜீவன் நேரத்தைச் சொல்லாது. அதற்காக நாமே கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும்.