நாற்காலியை எடுக்கலாம், பிள்ளையை எடுக்க வேண்டாம்

1960களில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தால், ஆசிரியரின் விசிலும், கூரையிலிருந்து தொங்கும் தடித்த கயிறும்தான் முதலில் கண்ணில் படும். அணி பிரிப்பது இரண்டு தலைவர்களின் வேலை. ஆளுக்கொரு பெயராக மாறி மாறிச் சொல்வார்கள். கடைசிவரை பெயர் வராத பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறியும் டாட்ஜ்பால் தொடங்கினால், பெரும்பாலும் அதே பிள்ளைதான் முதல் அடி வாங்கிச் சுவரோரம் போய் உட்காரும்.

இந்தக் கடுமைக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கிரவுஸ் என்ற மருத்துவர், குனிவது, எழுவது, காலைத் தூக்குவது போன்ற ஆறு எளிய அசைவுகளைக் கொண்டு பிள்ளைகளைச் சோதித்தார். அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதத்தினர் ஒன்றிலாவது தவறினர், ஐரோப்பாவிலோ 8.7 சதவீதத்தினர்தான். செய்தி அதிபர் ஐசன்ஹோவரை எட்டியது. 1956இல் இளையோர் உடற்தகுதிக்கென அவர் ஒரு குழு அமைத்தார். 1966இல் அதிபர் ஜான்சன் விருது ஒன்றை அறிவித்தார். எல்லா உடற்தகுதிச் சோதனைகளிலும் நூற்றில் 85 பேரை முந்தியவர்களுக்கே அது கிடைத்தது.

மாற்றம் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. அதே 1966இல், வியட்நாம் போரை எதிர்த்தவர்களுக்காக ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விளையாட்டை நடத்தினார். பூவுலகைப் போல வண்ணம் தீட்டிய ஆள் உயரப் பந்து ஒன்றை இரு தரப்பும் எதிரெதிராகத் தள்ள வேண்டும். ஒரு தரப்பு எல்லையை நெருங்கியபோதெல்லாம் அதிலிருந்தே சிலர் கட்சி மாறிப் போய் மறுபக்கம் தள்ளினார்கள். ஆட்டம் முடியவே இல்லை. யாருக்கும் அது முடிய வேண்டியும் இருக்கவில்லை. இந்த விதையிலிருந்து 1973இல் ‘புதிய விளையாட்டுகள்’ விழா வந்தது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக உளவியலாளர் டெர்ரி ஆர்லிக், கூடி ஆடும் விளையாட்டுகளைத் திரட்டி 1978இல் நூலாக்கினார்.

மியூசிக்கல் சேரை அவர் தலைகீழாகத் திருப்பினார். பழைய முறையில் 20 பிள்ளைகளுக்கு 19 நாற்காலி; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியும் ஒரு பிள்ளையும் வெளியே போக வேண்டும். முதலில் தோற்றவர் மீதி 18 சுற்றுகளையும் வேடிக்கை பார்க்கிறார். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவரையே முதலில் உட்கார வைக்கும் கணக்கு இது. ஆர்லிக்கின் முறையில் நாற்காலி மட்டும்தான் போகும், பிள்ளை போகாது. கடைசியில் மிஞ்சிய ஒற்றை நாற்காலியில் இருபது பேரும் மடிமேல் மடியாக எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கேயும் போட்டி உண்டு, நாற்காலியோடு.

நீல் வில்லியம்ஸ் என்ற பேராசிரியர் 1992இல் பள்ளிக்கு ஆகாத ஆட்டங்களைப் பட்டியலிட்டபோது டாட்ஜ்பாலும் மியூசிக்கல் சேரும் அதில் இடம் பிடித்தன. இன்றைய உடற்பயிற்சிக் கூடத்தில் வண்ணப் பாராசூட் துணியைச் சுற்றி முப்பது கைகள் பிடித்திருக்கின்றன. நடுவில் உருளும் பந்து கீழே விழக் கூடாது. இன்னொரு ஆட்டத்தில் தரை முழுவதையும் ஓர் ஆறாகப் பாவிக்க வேண்டும். மிதித்துக் கடக்கக் கையில் சில பாய்த்துண்டுகள்தான். எல்லோரும் அக்கரை சேர வேண்டும். வேகமாக ஓடுபவன் தனியாகப் போய்ச் சேர்வதில் பயனில்லை. நின்று, தன் பாயைப் பின்னால் வருபவளுக்குக் கொடுக்க வேண்டும்.

நம் ஆண்டு விழாக்களில் மியூசிக்கல் சேர் இன்னமும் பழைய விதியோடுதான் நடக்கிறது. ஆனால், நம் தெருவில் பிறந்த விளையாட்டுகள் இவ்வளவு கஞ்சத்தனமானவை அல்ல. பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் இழுபட்டவர் எதிர்க்கட்சியில் சேர்ந்து ஆடுவார். கபடியில் வெளியேறியவர் மறுபடி உள்ளே வருவார்.

புதிய முறையில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கணக்கிலும் வாசிப்பிலும் பின்தங்கிய ஒரு பையன், கயிற்றில் விறுவிறுவென ஏறிக் கூரையைத் தொட்ட நாளில் வகுப்பே அண்ணாந்து பார்த்தது. அவனுக்கு இருந்த ஒரே மேடை அந்தக் கயிறு. பல பள்ளிகளில் அது இன்று இல்லை. ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் எப்படி உதவினோம் என்று பேசும் வழக்கமும் வந்திருக்கிறது. நல்ல வழக்கம்தான், அளவாக இருந்தால். ஆட்ட நேரத்தைப் பேச்சு தின்னும்போது பிள்ளைகள் நெளிகிறார்கள். தோல்வியே வராதபடி செய்த கூட்டு விளையாட்டு சப்பென்று இருக்கும். பந்து விழுந்துவிடலாம், ஆறு கடக்காமல் போகலாம் என்ற நிலை இருந்தால்தான் கைகள் இறுகுகின்றன.

அமெரிக்காவில், அந்த விருதுக்கான அதிபர் பெயரிலான பழைய சோதனை 2012–13 கல்வியாண்டோடு கைவிடப்பட்டு, ஒவ்வொருவரும் தன் உடல்நலத்தை அளந்து பார்க்கும் முறை வந்தது. 2025 ஜூலை 31 அன்று பழைய சோதனையை மீட்க அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். அளப்பதில் எனக்கு மறுப்பில்லை, கயிறும்கூடத் திரும்பட்டும். ஆனால் 1966இல் அந்த விருதே பத்து வயது முதல்தான் தொடங்கியது. அதற்கும் கீழே உள்ள வகுப்புகளுக்குப் பாராசூட் துணியே போதும்.