கையடக்க கேம் கருவிக்கு முதல் நிரல்மொழி

கையடக்க கேம் கருவிகளுக்கு, தயாரித்த நிறுவனத்தின் உரிமமோ உதவியோ இல்லாமல் ஆர்வலர்கள் தாங்களே எழுதும் கேம்களை ஹோம்ப்ரூ என்பார்கள். நின்டென்டோவின் கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ், சோனியின் பிஎஸ்பி ஆகியவற்றின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகளாகியும் அவற்றுக்குப் புதிய கேம்கள் வந்துகொண்டிருப்பது இவர்களால்தான். இந்த வேலையில் இறங்குபவருக்கு முதலில் எழும் கேள்வி எந்த நிரல்மொழியைக் கற்பது என்பது. எந்தக் கருவிக்கு எழுதப்போகிறோம் என்று முடிவாகாமல் அதற்குப் பதில் இல்லை. மேசைக் கணினியில் பைத்தான், ஜாவா என்று எதில் எழுதினாலும் ஓடிவிடும். கையடக்கக் கருவியில் செயலியும் நினைவகமும் அந்தத் தாராளத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

1989-இல் வந்த கேம் பாயில் இருப்பது 8 பிட் செயலி. வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கு 8 கிலோபைட் நினைவகம், திரைக்கு இன்னொரு 8 கிலோபைட். பெருக்கலுக்கென்று ஒரு கட்டளைகூட அந்தச் செயலியில் கிடையாது. கூட்டியும் பிட்டுகளை இடம் நகர்த்தியும்தான் பெருக்க வேண்டும். இதற்கு இயல்பான மொழி, செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் அசெம்ப்ளி. ஆர்ஜிபிடிஎஸ் என்ற இலவச அசெம்ப்ளரை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். சி மொழியில் எழுத ஜிபிடிகே-2020 இருக்கிறது. ஆனால் இந்தச் செயலிக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் குறைவு என்பதால், சி நிரலைச் செயலிக்கு மாற்றித் தரும் கம்பைலர் உருவாக்கும் கட்டளைகள் கையால் எழுதியவை அளவுக்குச் சிக்கனமாக அமைவதில்லை. புதிதாக வருபவர் மொழியோடும் கருவியின் நெருக்கடியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதல்முறை முயல்பவருக்கு மிகவும் பொருத்தமானது 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ். அதற்கு ஏற்ற மொழி சி. இதன் ஏஆர்எம்7 செயலி 32 பிட் வகை, வேகம் 16.78 மெகாஹெர்ட்ஸ். ஜிசிசி கம்பைலர் இந்தச் செயலிக்கு நல்ல தரமான கட்டளைகளைத் தருகிறது. தேவையான கருவிகள் அனைத்தும் டெவ்கிட்ஏஆர்எம் என்ற இலவசத் தொகுப்பில் உள்ளன. டாங்க் என்ற வழிகாட்டி நூல் திரை முதல் ஒலி வரை எல்லாவற்றையும் சி மொழியிலேயே படிப்படியாக விளக்குகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் கருவியில் இயங்குதளம் என்று எதுவும் குறுக்கே இல்லை. நினைவகத்தின் குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அது நேராகத் திரையில் தெரியும். முகவரியைத் தொட்டு வேலை செய்வதற்கென்றே அமைந்த மொழி சி.

ஒரு புள்ளியை வரைவதைப் பார்த்தாலே இது விளங்கும். திரையின் அகலம் 240 புள்ளிகள், உயரம் 160. திரைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் எனப்படும் முகவரியில் 1027 என்று எழுதினால், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தரக்கூடிய மூன்றாம் முறைக்குத் திரை மாறுகிறது. அதன்பின் திரை முழுவதும் நினைவகத்தில் 38,400 எண்கள் கொண்ட ஒரே வரிசை. நடுவில் புள்ளி வேண்டுமென்றால் 80-ஐ 240-ஆல் பெருக்கி 120-ஐக் கூட்ட வேண்டும்: 19,320. வரிசையில் அந்த இடத்தில் 31 என்று எழுதியதும் சிவப்புப் புள்ளி தோன்றும். நிறத்தில் சிவப்புக்கு உரிய ஐந்து பிட்டுகளும் நிரம்பினால் வரும் எண்தான் 31. சி மொழியில் இத்தனைக்கும் இரண்டே வரிகள் போதும்.

கண்ணி ஒன்றும் இங்கே உண்டு. திரை எந்த வரியை வரைந்துகொண்டிருக்கிறது என்பதைக் கருவி ஒரு ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த இடம் தானாக மாறக்கூடியது என்பதை வாலடைல் என்ற சொல்லால் அறிவிக்காவிட்டால், கம்பைலர் அதை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு அதே மதிப்பையே வைத்துக்கொள்ளலாம். வரி மாறக் காத்திருக்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும். பின்ன எண்களுக்கான தனிச் சுற்றும் இந்தச் செயலியில் இல்லை. அதனால் 1 என்பதை 256 என்று வைத்துக்கொண்டு, அரைப் புள்ளி வேகத்தை 128 என்று எழுதுவார்கள். இரண்டையும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

சி++ தெரிந்தவருக்கு புட்டானோ என்ற நூலகமும், ரஸ்ட் தெரிந்தவருக்கு ஏஜிபி என்ற நூலகமும் இதே கருவிக்கு இருக்கின்றன. இரண்டும் தரமானவை, ஆனால் மொழியே புதிதென்றால் அவற்றின் சுமை அதிகம்.

நிரலெழுதியே பழகாதவருக்கு லுவா எளிதான வாசல். பிரேசிலில் 1993-இல் உருவான இந்தச் சிறிய மொழி, 32 மெகாபைட் நினைவகம் கொண்ட பிஎஸ்பியில் லுவா பிளேயர் வழியாக ஓடியது. பானிக் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பிளேடேட், லுவா, சி இரண்டிலும் எழுத அனுமதிக்கிறது. லுவாவில் நினைவகத்தை மொழியே பார்த்துக்கொள்ளும். கேட்பாரற்ற தரவுகளை அது துப்புரவு செய்யும் நேரத்தில் படம் ஒரு கணம் தடுமாறக்கூடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. மொழியே வேண்டாம், கதையும் படமும்தான் முக்கியம் என்பவர் ஜிபி ஸ்டுடியோவில் கட்டளைகளை அடுக்கியே கேம் பாய்க்கு முழு கேம் செய்துவிடலாம். அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

எந்த மொழியானாலும் சோதனை முதலில், கருவியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற கணினி மென்பொருளில்தான் நடக்கும். சில எமுலேட்டர்கள் நினைவகத்தைப் பூஜ்யத்தால் நிரப்பித் தொடங்குகின்றன. உண்மையான கருவியில் ஏதாவது எண் கிடக்கும். சியில் தொடக்க மதிப்பு கொடுக்க மறந்த உள்மாறிகள் இதனாலேயே எமுலேட்டரில் ஒழுங்காகவும் கருவியில் தாறுமாறாகவும் நடந்துகொள்ளும். அவ்வப்போது நிஜக் கருவியில் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

அசெம்ப்ளியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கேம் பாய் அட்வான்ஸில் கார்ட்ரிட்ஜிலிருந்து தரவு வரும் பாதை 16 பிட் அகலம் மட்டுமே என்பதால், 32 பிட் கட்டளைகளை அங்கிருந்து ஓட்டினால் மெதுவாகும். செயலிக்கு உள்ளேயே 32 கிலோபைட் வேக நினைவகம் இருக்கிறது. கேம் திணறும்போது, அடிக்கடி ஓடும் சில சுழல்களை மட்டும் அங்கே மாற்றுவார்கள். அதுவும் போதாமல் போனால்தான் அந்தச் சுழல்களை அசெம்ப்ளியில் எழுதும் தேவை வருகிறது.